எழுத்தும் எண்ணும் வீட்டில்: ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த கையோடு பல வீடுகளில் ஒரு வேலை தொடங்கிவிடுகிறது. ‘அ’ முதல் ‘ஃ’ வரை, அப்புறம் ‘க், ங், ச்’, அப்புறம் ‘க, கா, கி, கீ’ என்று 247 எழுத்தையும் வரிசையாக எழுத வைப்பார்கள். மூன்று மாதத்தில் பிள்ளை சுவரில் ஒட்டிய எழுத்து அட்டவணையை ஒரே மூச்சில் ஒப்பிக்கும். அதே பிள்ளையிடம் ‘வயல்’ என்று ஒரு சொல்லைத் தனியாக எழுதிக் காட்டினால் விழிக்கும். வரிசையைத்தான் அது கற்றிருக்கிறது, எழுத்தை அல்ல. அட்டவணையின் நடுவில் விரல் வைத்து “இது என்ன?” என்று கேளுங்கள். முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்துதான் பதில் சொல்லும்.

வகுப்பில் நடப்பதை வீட்டில் இன்னொரு முறை நடத்த வேண்டியதில்லை, அதை முந்திக்கொண்டு ஓடவும் வேண்டியதில்லை. முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஆசிரியரால் ஒவ்வொருவருக்கும் கொடுக்க முடியாதது ஒன்று உண்டு: தனியாக உட்கார்ந்து, தவறைக் கேட்ட உடனே திருத்தி, அதே சிறு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நேரம். அதை வீடு கொடுக்கலாம். நாளுக்கு இருபது நிமிடம் போதும். ஆறு வயதில் அதற்கு மேல் போனால் கவனம் கலைகிறது. கலைந்த கவனத்தோடு எழுதும் பத்து வரியால் பயனில்லை. முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. கீழே சொல்பவற்றையும் வீட்டுப்பாடமாக மாற்றிவிடாதீர்கள்.

முதலில் ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் விட்டுப்போன அடிப்படைகளை ஈடுகட்டி, எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பதே அதன் நோக்கம். வகுப்பைக் கொண்டு மட்டும் பாராமல், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். ஒரே வகுப்பறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு நிலைப் பயிற்சியைச் செய்துகொண்டிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பயிற்சிநூலைப் பார்த்து உங்கள் பிள்ளை பின்தங்கிவிட்டதாக முடிவு கட்டாதீர்கள்.

தனியார் பள்ளியோ அரசுப் பள்ளியோ, ஆசிரியரைப் பார்க்கும்போது “நல்லா படிக்கிறானா?” என்று கேட்டால் “படிக்கிறான்” என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: “டீச்சர், இப்ப எந்த எழுத்து வரைக்கும் வந்திருக்கீங்க? இவன் எதுல தடுமாறுறான்? எழுத்தை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீங்க, அதே மாதிரி நாங்களும் சொல்றோம்.” கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். பள்ளியில் ‘ட, ப, ம’ என்று வடிவ எளிமையை வைத்து எழுத்துகளை அறிமுகம் செய்ய, வீட்டில் ‘அ, ஆ’ என்று வேறு வரிசையில் எழுத வைத்தால், இரண்டு வேலையும் அரைகுறையாக நிற்கும். பள்ளி வரிசை கீழே சொல்லும் வரிசையிலிருந்து மாறினால் பள்ளி வரிசையையே பின்பற்றுங்கள். படிகளின் ஒழுங்கு மாறாது.

தேவையான பொருள்கள்

எல்லாமே வீட்டில் கிடைப்பவைதான். ஒரு சிலேட்டு, பல்பம். கிழித்த தினசரிக் காலண்டர் தாள்கள்; பின்பக்கத்தில் சொல் எழுத. அட்டைக்குப் பழைய காலண்டரின் பின் அட்டையை நான்கு விரல் அகலச் சதுரங்களாக வெட்டிக்கொள்ளலாம், நாற்பது துண்டு வேண்டும். புளியங்கொட்டை நூறு. தென்னை ஈர்க்கைச் சாண் நீளத்துக்கு ஒடித்த குச்சிகள் நூறு, கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் பத்து. முப்பது முட்டை வைக்கும் அட்டை ஒன்று. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் புளியங்கொட்டையை எண்ணி எடுத்து எண்ணியே திரும்ப வையுங்கள், தொண்டையில் சிக்கும் பொருள் அது.

நேரம் எது என்பது வீட்டைப் பொறுத்தது. பள்ளி விட்டு வந்த உடனே வேண்டாம். சாப்பிட்டு, ஒரு மணி நேரம் தெருவில் ஓடிய பிறகு உட்காரட்டும். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைந்திருக்க வேண்டும்.

காதுக்கு முதல் இரண்டு வாரம்

எழுத்தைக் காட்டும் முன், சொல்லுக்குள் ஒலிகள் இருக்கின்றன என்பது பிள்ளைக்குப் புரிய வேண்டும். நமக்கு இது தெளிவாகத் தெரிவதால் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறோம். பிள்ளைக்குத் ‘தவளை’ என்பது ஒரு உயிரினம். அதில் மூன்று துண்டு இருப்பதை அது கவனித்ததே இல்லை.

மூன்று விளையாட்டுகள் போதும், நாளுக்கு ஐந்து நிமிடம், சிலேட்டே வேண்டாம். முதலாவது, கை தட்டிப் பிரிப்பது: த–வ–ளை, ப–ட–ம், ம–ர–ம். இரண்டாவது, முதல் ஒலி தேடுவது: “ப-ல தொடங்குற சாமான் அடுப்படில என்ன இருக்கு?” பருப்பு, பச்சைமிளகாய் என்று வரும். பானையைச் சொன்னால் ஏற்றுக்கொண்டு, “அது பா, கொஞ்சம் நீட்டமா இருக்குல்ல?” என்று காட்டுங்கள். குறில் நெடில் வேறுபாடு இங்கேயே காதில் விழுந்துவிடும். மூன்றாவது, மாற்றிப் போடுவது: “பல்-ல ப-வை எடுத்துட்டு க வை, என்ன ஆச்சு?” கல். “கண்-ல க எடுத்துட்டு ம?” மண். மூன்றாவது விளையாட்டு வந்துவிட்ட பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆயத்தமாகிவிட்டது. வராவிட்டால் இன்னும் ஒரு வாரம் விளையாடுங்கள், அவசரமே இல்லை.

எழுத்து: 247-ஐ மறந்துவிடுங்கள்

பிள்ளை உண்மையில் கற்க வேண்டியது 247 தனித்தனி வடிவங்களை அல்ல. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், புள்ளி, 11 உயிர்மெய்க் குறிகள். மொத்தம் நாற்பத்து மூன்று. உகர ஊகார வரிசை மட்டும் ஒழுங்குக்குள் அடங்காது, அதைப் பிறகு பார்ப்போம். இந்த நாற்பத்து மூன்றையும் சேர்க்கத் தெரிந்தால் மீதி தானாக வரும். தனி எழுத்தாகப் படித்து முடித்துவிட்டுச் சொல்லுக்குப் போகாதீர்கள். நான்கு எழுத்து தெரிந்த அன்றே சொல் படிக்க வேண்டும்.

அகர மெய்களை (க, ட, ப போல ‘அ’ சேர்ந்தவற்றை) நான்கு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு கூட்டத்துக்கு இரண்டு வாரம்.

முதல் கூட்டம்: ட, ப, ம, ல, புள்ளியோடு ம், ல். இதில் வரும் சொற்கள் பல், படம், மடம், பலம், மடல்.

இரண்டாம் கூட்டம்: க, ர, வ, ய, புள்ளியோடு க், ட். கல், கடல், பகல், மரம், வயல், வரம், பட்டம், வட்டம், பக்கம், கட்டம்.

மூன்றாவது: ந, ன, ண, த, ச; புள்ளியோடு ந், ன், ண், த். கண், மண், மகன், பணம், நகம், சந்தனம், ரத்தம்.

நான்காவது: ள, ழ, ற, ங, ஞ, புள்ளியோடு ள், ங், ஞ். பழம், பள்ளம், தங்கம், மஞ்சள், பஞ்சம்.

உயிரெழுத்துகளைத் தனியாக ஒரு மாதம் நடத்த வேண்டாம். கூட்டத்துக்கு மூன்றாக இடையில் சேர்த்துக்கொண்டே போங்கள். ஆரம், ஈரம், உரல், ஏலம், ஓடம், அகல் என்று அகர மெய்களோடு சேரும் சொற்கள் எத்தனையோ உள்ளன.

சொல்லைக் கூட்டுவதில்தான் பெரும்பாலான பிள்ளைகள் மாட்டிக்கொள்கின்றன. “ப… ட… ம்…” என்று ஒவ்வொன்றையும் சரியாகச் சொல்லும். “சேர்த்துச் சொல்லு” என்றால் மௌனம், இல்லையென்றால் “மரம்” என்று ஊகம். இதற்கு இரண்டு எழுத்துச் சொல்லில் தொடங்குங்கள்: பல், கல், கண், மண். கடைசி மெய்யை இழுக்க முடியும் என்பதுதான் இவற்றின் வசதி. முதல் அட்டையை இடக்கை ஓரத்தில், இரண்டாவதை வலக்கை ஓரத்தில் வைத்து, “பஅஅஅ…” என்று இழுத்துக்கொண்டே ‘ப’ அட்டையை ‘ல்’ அட்டையை நோக்கி நகர்த்தி, மோதும் இடத்தில் “ல்ல்ல்” என்று முடியுங்கள். ஒலி நடுவில் அறுபடக் கூடாது. பிள்ளையின் கையாலேயே நகர்த்தச் சொல்லுங்கள்.

இன்னொரு தடை நம் எழுத்து முறையிலேயே இருக்கிறது. ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’, ‘பக்கம்’ நான்கிலும் எழுத்து க-தான், ஒலி நான்கு விதம். ட, த, ப, ச எல்லாவற்றுக்கும் இதே கதை. பிள்ளை எழுத்துக் கூட்டும்போது ‘படம்’ என்பதன் ட-வைப் ‘பட்டம்’ போல வல்லொலியாகச் சொல்லும். அப்படிக் கூட்டினால் அதற்குத் தெரிந்த சொல்லாக அது ஒலிக்காது. திட்ட வேண்டிய தவறல்ல இது. “அப்படி ஒரு வார்த்தை கேட்டிருக்கியா? கொஞ்சம் மெதுவா, சாஃப்ட்டா சொல்லிப் பாரு” என்று விட்டால் “ஓ, படம்!” என்று அதுவே பிடித்துக்கொள்ளும். விதியாகச் சொல்லித் தராதீர்கள். ஐம்பது அறுபது சொல் தாண்டும்போது நாக்கு தானே பழகிக்கொள்கிறது.

குறிகள், ஒவ்வொன்றாக

ா முதலில், ஒரு வாரம். தெரிந்த சொல்லின் பக்கத்திலேயே புதியதை எழுதுங்கள்: பல்–பால், கல்–கால், படம்–பாடம், மடம்–மாடம். சில பிள்ளைகள் ா-வை ‘ர’ என்று படித்து, ‘பால்’ என்பதைப் ‘பரல்’ ஆக்கும். ர-வின் கீழே உள்ள சாய்ந்த கோட்டுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி இரண்டு நாள் காட்டினால் போய்விடும்.

ி, ீ இரண்டு வாரம்: நரி, மணி, கிளி, பல்லி, பிறகு மின்–மீன், கிரி–கீரி. ‘டி, டீ’ மட்டும் வடிவம் சற்று மாறும், தனியாகக் காட்டுங்கள்.

ு, ூ-வுக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். தமிழில் இந்தக் குறிக்கு ஒரே வடிவம் கிடையாது; ‘க, கா, கி, கீ’ என்று ஒப்பித்து வரும் பிள்ளை இங்கேதான் முதலில் தோற்கும். வடிவத்தை வைத்துக் கூட்டமாகப் பிரித்தால் பாரம் குறைகிறது. கீழே நேர்க்கோடு இறங்குபவை சு, பு, யு, வு. கீழே வளைந்து சுற்றிக்கொள்பவை டு, மு, ரு, ழு, ளு. முடிவில் கூடுதலாக ஒரு வளைவு நீள்பவை ணு, து, நு, லு, று, னு. ‘கு’ தனி. ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம் மட்டும் எடுங்கள். நாளும் பேசும் சொற்களில் இவை நிறைய வருவதால் பயிற்சிக்குப் பஞ்சமில்லை: ஆடு, மாடு, வீடு, காசு, காது, பாட்டு, நாக்கு, ஆறு. நெடிலை அதே கூட்டத்தோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்: புரி–பூரி, புட்டு–பூட்டு. ஙு, ஞு போன்றவற்றில் ஒரு நாள்கூடச் செலவிட வேண்டாம். அவற்றைப் படிக்க வேண்டிய சொல் இந்த வயதில் வராது.

ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு முன்னால் எழுதப்பட்டுப் பின்னால் ஒலிப்பவை. கண் இடமிருந்து வலம் போகப் பழகியிருக்கும் பிள்ளைக்கு இது குழப்பம். ‘செடி’யில் முதலில் ச-வின் அடியில் விரல் வைக்கச் சொல்லுங்கள், “ச்” என்று சொல்லட்டும், அப்புறம் விரலை இடப்பக்கம் நகர்த்திக் குறியைப் பார்த்து “எ”, சேர்த்தால் “செ”. ஒரு வாரம் இந்த விரல் பழக்கம் இருந்தால் போதும். எ, ஏ வேறுபாட்டுக்கு எடு–ஏடு, வெல்–வேல். ை-க்கு மலை, தலை, இலை, வாழை, தவளை.

ொ, ோ இருபுறமும் வருபவை. ‘கொடி’யைக் ‘கெரடி’ என்று படித்தால் பின்னால் இருக்கும் ா-வை ர-வாக எடுத்துக்கொண்டது என்று பொருள். நடு எழுத்தையும் இரு பக்கக் குறியையும் மூன்று அட்டையாக வெட்டி, நடு அட்டையை மட்டும் மாற்றுங்கள்: கொ, தொ, பொ, மொ. கொடு–கோடு, தொடு–தோடு என்று இணைத்துப் படிக்கட்டும். ௌ-வுக்கு இரண்டு நாள் போதும், அதில் சொற்களே சொற்பம்.

இவை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். காய்ச்சல், பண்டிகை, ஊர்ப்பயணம், பின்னால் போய்த் திரும்பப் படித்தல் எல்லாம் சேர்த்தால் ஒரு கல்வியாண்டு. சில பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்பின் அரையாண்டு வரை போகும், அதில் தவறில்லை.

இருபது நிமிடம் எப்படிப் போகும்

1. முதல் மூன்று நிமிடம் பழையது. முந்தைய கூட்டங்களிலிருந்து எட்டு சொல் அட்டைகளைக் கலைத்துப் போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறிய அட்டையைத் தனியாக வைத்து மறுநாள் முதலில் எடுங்கள்.

2. அடுத்த ஐந்து நிமிடம் புதியது. ஒரு எழுத்தோ ஒரு குறியோ மட்டும். இரண்டு புதியதை ஒரே நாளில் வைத்தால் இரண்டும் கலந்துவிடும். ‘ந, ன, ண’ மூன்றையும் அடுத்தடுத்த நாள்களில் வைக்கவே கூடாது. நடுவில் நான்கு நாள் இடைவெளி விடுங்கள். ‘ல, ள, ழ’வுக்கும் ‘ர, ற’வுக்கும் இதே.

3. ஐந்து நிமிடம் எழுத்து. சிலேட்டில் புதிய எழுத்து நான்கு தடவை, பிறகு நீங்கள் சொல்ல மூன்று சொல் எழுதட்டும். ஒரே எழுத்தைப் பக்கம் முழுக்க எழுத வைத்தால் ஐந்தாவது வரியிலிருந்து வடிவம் கெட ஆரம்பிக்கும், கெட்ட வடிவமே கைக்குப் பழகும்.

4. மீதி ஏழு நிமிடம் கணக்கு.

எழுதும்போது மூன்றைக் கவனியுங்கள். பென்சிலைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, நடுவிரல் அடியில் தாங்க வேண்டும். சிலேட்டுக்குச் சிறு பல்பத் துண்டு கொடுத்தால் இந்தப் பிடி தானே வந்துவிடும், நீளமான பல்பத்தைக் கை முழுதாகப் பற்றிக்கொள்ளும். எழுத்தை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்: ‘ட’வும் ‘ப’வும் இட மேல் முனையில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். கீழிருந்து மேலே எழுதும் பிள்ளை பார்வைக்குச் சரியாக எழுதினாலும் இரண்டாம் வகுப்பில் வேகம் வராமல் தவிக்கும். இடக்கையால் எழுதும் பிள்ளையை வலக்கைக்கு மாற்றாதீர்கள். தாளைச் சற்று வலப்பக்கம் சாய்த்து வைத்தால் எழுதுவது தெரியும்.

வாய்விட்டு வாசித்துக் காட்டுவது

இருபது நிமிடக் கணக்கில் இது சேராது. தூங்கப் போகும் முன் பத்து நிமிடம். எழுத்துக் கூட்டத் தெரிந்தும் படித்ததன் பொருள் புரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்கு ஒரு காரணம், வீட்டில் பேசும் தமிழும் புத்தகத் தமிழும் வேறாக இருப்பது. வீட்டில் “நாய் ஓடிப்போயிடுச்சு”. புத்தகத்தில் “நாய் ஓடிவிட்டது”. இந்த இரண்டாவது தமிழ் கண்ணுக்கு வரும் முன் காதுக்கு வந்திருக்க வேண்டும். எனவே எழுதியிருப்பதை எழுதியிருப்பது போலவே வாசியுங்கள், பேச்சுத் தமிழில் விளக்குங்கள், பிள்ளை பேச்சுத் தமிழிலேயே கதையைத் திருப்பிச் சொல்லட்டும். “போயிடுச்சு-ன்னு சொல்லாதே, சென்றுவிட்டது-ன்னு சொல்லு” என்று நடுவில் குறுக்கிட்டால் கதை சொல்வதே நின்றுவிடும்.

புத்தகத்துக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை வாரியாகத் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக எடுக்கலாம். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள் விலை குறைவு. பள்ளி நூலகத்திலிருந்து வாரம் ஒன்று வீட்டுக்குத் தரும்படி ஆசிரியரைக் கேளுங்கள். ஒரே புத்தகத்தைப் பிள்ளை பத்து நாள் கேட்டால் பத்து நாளும் வாசியுங்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மனப்பாடம் ஆன புத்தகத்தைக் காட்டி “படிக்கிறான்” என்று முடிவு செய்யாதீர்கள். சோதிக்க வேண்டுமானால் அதிலுள்ள ஒரு வரியின் சொற்களைத் தனித்தனியாகக் காலண்டர் தாளில் எழுதி, கலைத்துப் படிக்க வையுங்கள்.

உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றால் இந்தப் பகுதி உங்களுக்கில்லை என்று நினைக்க வேண்டாம். பாட்டி சொன்ன கதை, விடுகதை, வேலைக்குப் போன இடத்தில் நடந்தது என எல்லாமே மொழிதான். பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து “அப்புறம் என்ன ஆச்சு? ஏன் அப்படிப் பண்ணுச்சு?” என்று கேட்க எழுத்தறிவு வேண்டியதில்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ சௌராஷ்டிரமோ பேசுபவர்கள் கதையை அந்த மொழியிலேயே சொல்லுங்கள். பள்ளிக்காக வீட்டு மொழியை நிறுத்துவது பிள்ளையின் பேச்சையே குறைத்துவிடும். கதை புரியும் பிள்ளைக்குத் தமிழ்ச் சொல்லைச் சேர்த்துத் தருவது சுலபம்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டாம். ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்பதும் தமிழில் ஒரே சொல்.

கணக்கு: கையில், பிறகு படத்தில், பிறகு எண்ணில்

நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் பன்னிரண்டு புளியங்கொட்டையை எண்ணி எடுக்கச் சொல்லுங்கள். வாய் வேகமாகவும் விரல் மெதுவாகவும் போகும். ஒரு கொட்டையை இரண்டு முறை தொடும். ஒவ்வொன்றையும் நகர்த்தி வைத்து எண்ணப் பழக்குங்கள். எண்ணி முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் புரியவில்லை. இது உறுதியாகும் முன் கூட்டலுக்குப் போகாதீர்கள்.

அடுத்து முட்டை அட்டை. முப்பது குழி அட்டையில் ஐந்தைந்தாக ஆறு வரிசை இருக்கும். இரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழி உள்ள மூன்று துண்டு கிடைக்கும். ஏழு கொட்டை போட்டால் ஒரு வரிசை நிரம்பி, அடுத்ததில் இரண்டு. “பத்து ஆக இன்னும் எத்தனை?” குழியைப் பார்த்தாலே தெரியும். பத்துக்குள் இந்த உறவுகள் (6–4, 7–3, 8–2) மனதில் பதிந்துவிட்டால் பின்னால் வரும் கூட்டல் கழித்தல் எல்லாம் பாதி வேலை.

தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை இதற்கு மிக அருமையான கருவி. ஐந்து கொட்டையை உருட்டி, கறுப்பு எத்தனை, வெள்ளை எத்தனை என்று பிள்ளை சொல்லட்டும்: 3–2, 4–1, 5–0. இரண்டு வாரம் கழித்துப் பத்துக் கொட்டை. பிறகு கறுப்பை மட்டும் காட்டி வெள்ளையைக் கையால் மூடி, “உள்ள எத்தனை?” என்று கேளுங்கள். கழித்தல் என்ற பெயரே இல்லாமல் கழித்தல் நடந்துவிடும். பல்லாங்குழி இருந்தால் அதையும் விடாதீர்கள். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவதே ஒன்றுக்கு ஒன்று எண்ணும் பயிற்சிதான்.

கூட்டலில் 8 + 3 என்றால் பல பிள்ளைகள் எட்டு விரலை ஒன்றிலிருந்து எண்ணி, மூன்று விரலை எண்ணி, மறுபடி எல்லாவற்றையும் எண்ணும். “எட்டை மனசுல வை” என்று நெஞ்சில் கை வைத்து, ஒன்பது, பத்து, பதினொன்று என்று மேலே எண்ணக் காட்டுங்கள். விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். மனதில் வந்தபின் விரல் தானே மடங்கிவிடும். அதற்கு முன் தடுத்தால் மேசைக்கு அடியில் ஒளித்து எண்ணும்.

இனி பத்துக்கட்டு. ஈர்க்குச்சி பத்தை எண்ணி ரப்பர் பேண்ட் போடுவதைப் பிள்ளையே செய்ய வேண்டும். நீங்கள் கட்டிக் கொடுத்தால் உள்ளே பத்து இருக்கிறது என்பதை அது நம்பாது. 23 என்றால் இரண்டு கட்டு, மூன்று உதிரி. ‘இருபத்து மூன்று’ என்று சொல்லும்போது காதில் இருபதும் மூன்றும் விழுவதால் 203 என்று எழுதும் பிள்ளைகள் மிக அதிகம். ‘20’ என்று ஒரு அட்டை, அதில் பாதி அகலத்தில் ‘3’ என்று ஒரு அட்டை செய்து, மூன்றைச் சுழியத்தின் மேல் வைத்து மூடச் சொல்லுங்கள். சுழியம் உள்ளே இருக்கிறது, தெரியவில்லை என்பது புரிந்த அன்று 203 நின்றுவிடும்.

எண் பெயர்களில் மூன்று இடத்தில் தடுமாற்றம் வரும். 19-ஐப் ‘பதினொன்பது’ என்று சொல்வது; 60-ஐயும் 70-ஐயும் மாற்றுவது; 89-க்கு அடுத்து நிற்பது. எட்டு–எண்பது என்று ஒலி பொருந்தி வந்ததால் ஒன்பதுக்கும் அப்படி ஒன்றைத் தேடும், ‘தொண்ணூறு’ ஒன்பதின் சாயலே இல்லாமல் வந்து நிற்கும். 85-இலிருந்து 95 வரை மட்டும் தனியாக முன்னும் பின்னும் எண்ணிப் பழக்குங்கள்.

இரண்டாம் வகுப்பில் 32 − 7 வரும். பிள்ளை 35 என்று எழுதும். இரண்டில் ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறது. “பக்கத்துல கடன் வாங்கு” என்று எழுத்தில் சொல்லித் தருவதற்கு முன், மூன்று கட்டும் இரண்டு குச்சியும் கொடுத்து ஏழு குச்சி கேளுங்கள். வேறு வழியில்லாமல் ஒரு கட்டை அவிழ்க்கும். பன்னிரண்டு உதிரி, அதில் ஏழு போனால் ஐந்து, கட்டு இரண்டு. கட்டை அவிழ்க்கும் கணக்கு ஒரு வாரம், அதே கணக்கைக் கட்டு வரைந்து ஒரு வாரம், அதற்குப் பிறகுதான் மேலே ஒன்று போட்டு அடிக்கும் முறை.

வாய்ப்பாட்டை ஒன்றாம் வகுப்பில் ஒப்பிக்க வைக்க வேண்டாம். இரண்டாம் வகுப்பில் இரண்டு, ஐந்து, பத்து போதும், அதையும் நாணயத்தை வைத்து: ஐந்து ரூபாய்க் காசுகளை அடுக்கி 5, 10, 15, 20. கடைக்கு அனுப்பும்போது சில்லறை மீதியை எண்ணி வாங்கி வரச் சொல்லுங்கள். 2, 3, 5, 7 ஆகிய எண்களைத் தலைகீழாக, திருப்பி எழுதுவது ஏழு வயது வரை சாதாரணம். எழுதத் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றிச் சுருக்கமாக: இந்த இரண்டு ஆண்டில் கேட்பதும் பேசுவதும் முக்கியம். வீட்டுப் பொருள், உடல் உறுப்பு, எளிய கட்டளைகள் என்று நாளுக்கு இரண்டு சொல் வாயால் போதும். தமிழில் எழுத்துக் கூட்டும் திறன் வந்த பிள்ளைக்கு ஆங்கில எழுத்துக் கூட்டுவது விரைவில் வரும். இரண்டிலும் ஒரே வாரத்தில் புதிய எழுத்து வைக்காதீர்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்

பள்ளி தொடங்கிய சில மாதங்களில் கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குவது, புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதது, அடிக்கடி காது வலி, சளி இவை இருந்தால் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு பிள்ளைகளைப் பரிசோதித்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறது. குழு அடுத்து எப்போது வரும் என்று தலைமையாசிரியரிடம் கேட்கலாம், அதுவரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்கும் போகலாம்.

இரண்டாம் வகுப்பின் நடுவில், தினமும் பயிற்சி இருந்தும், முதல் கூட்டத்து எழுத்துகளே நேற்று தெரிந்து இன்று மறந்துபோவது, மாற்றிப் போடும் விளையாட்டு இன்னமும் வராதது, ஐந்து பொருளுக்குள் எண்ணாமல் சொல்ல முடியாதது, படிக்க உட்கார்ந்தாலே வயிற்று வலி என்று அழுவது, இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் கற்றல் குறைபாடு உள்ளதா என்று பார்க்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், பள்ளி வழியாக அவர்களை அணுகலாம். போகும்போது தேதி போட்ட ஒரு மாத எழுத்துத் தாள்களையும், எந்த எழுத்தில் எந்த மாதிரித் தவறு என்று குறித்த ஒரு தாளையும் எடுத்துச் செல்லுங்கள். “படிப்பே ஏற மாட்டேங்குது” என்று சொல்வதைவிட, “ல், ள் இரண்டையும் காதால் பிரிக்கிறான், கண்ணால் பிரிக்க முடியவில்லை” என்று சொன்னால் அவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று உடனே தெரிந்துகொள்வார்கள்.